கவிழ்ந்தால் நிமிர்த்தத் தெரியுமா?

உலகெங்கும் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தமிழ் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் 'கேட்டமரான்' என்பது நம்முடைய கட்டுமரம்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் தாம் கண்ட மர மிதவையை இந்தப் பெயரால் குறித்து வைத்தார். பெயர் கப்பலேறிப் போனது. போன இடத்தில் பொருள் மாறிவிட்டது. இன்று அந்தச் சொல்லுக்கு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒல்லிப் படகுகளை வைத்து இணைத்த வண்டி என்றுதான் அர்த்தம்.

தமிழ் விழா மேடைகளில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறோம். வாங்கட்டும். ஆனால் பெயரோடு கூடவே போகாமல் நம் கரையிலேயே தங்கிவிட்ட ஒரு குணம் கட்டுமரத்துக்கு உண்டு. அது பற்றி இந்த வாரம் எழுதுவதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

என் அக்கா மகன் ஷா ஆலாமில் பொறியாளராக இருக்கிறான். 28 வயது, 60 கிலோ எடை. இரண்டு வருடமாக வார இறுதியில் போர்ட்டிக்சனுக்குப் போய்ப் பாய்மரப் படகு பழகுகிறான். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் நண்பர் ஒருவரிடமிருந்து பழைய ஹோபி 16 படகு ஒன்றை வாங்கினான். அதுவரை இரண்டு பேராகப் போனவன், "மாமா, இனிமே தனியாப் போகலாம்னு இருக்கேன்" என்றான். அக்கா அன்றிரவே எனக்குப் போன் செய்தார். "இவனுக்கு ஜாதகத்திலேயே தண்ணியிலே கண்டம்னு இருக்கு. நீயாவது சொல்லுடா" என்றார்.

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த தாத்தா பாட்டிக்கு அந்தப் பயணமே போதும் போதும் என்றாகியிருக்கும். அதன் பிறகு நாங்கள் வளர்ந்ததெல்லாம் தோட்டத்தில். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களைச் சுற்றி வாய்க்காலும் அலையாத்திக் காடும் ஆறும்தான். ஆனாலும் "ஆத்துப் பக்கம் போகாதே" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே நீச்சல் பாடம். எங்கள் லயத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்ணீர் என்றால் பயம், பயத்தால் பழக்கமில்லை, பழக்கமில்லாததால் மேலும் பயம். இந்த வட்டத்தில்தான் பல குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

நான் செம்பனை ஆலையில் முப்பது வருடம் இயந்திரங்களோடு இருந்தவன். எனக்குத் தெரிந்தது நெம்புகோலும் எடையும். "போகாதே" என்று மருமகனிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கவிழ்ந்தா, தனி ஆளா உன்னால நிமிர்த்த முடியுமா?"

அவனிடம் பதில் இல்லை. கற்றுக்கொடுத்தவர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். இரண்டு பேராகச் சேர்ந்து அவனும் நிமிர்த்தியிருக்கிறான். தனியாக ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் பிடிவாதம்

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வந்தவர்களுக்குச் சம்பான் தெரிந்திருக்கும். நான்கு பேரை உட்கார வைத்து, இயந்திரச் சத்தம் இல்லாமல் துடுப்பாலேயே ஓட்டிக்கொண்டு போவார்கள். படகோட்டி திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எழுந்து நிற்காதீர்கள். ஒல்லியான படகு, அதில் ஏறியவர்களின் எடை எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அது நிற்கும் அல்லது சாயும்.

இரட்டைப் படகின் கதை வேறு. ஹோபி 16-இன் நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. இரண்டு ஒல்லித் தோணிகள், அவற்றை இணைக்கும் இரண்டு குறுக்குச் சட்டங்கள், நடுவே இழுத்துக் கட்டிய டிராம்போலின் விரிப்பு, அதன் மேல் ஏறக்குறைய 8 மீட்டர் உயரப் பாய்மரம். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1960-களின் இறுதியில் இந்த வரிசையைத் தொடங்கினார். முதலில் வந்த ஹோபி 14 ஒருவர் ஓட்டுவதற்கு. அடுத்து வந்த 16 இருவருக்கு. மருமகனிடம் இருப்பது இரண்டாவது. இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

அகலமாக இருப்பதால் இந்தப் படகு சம்பான்போல ஆடாது. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது காற்றுப் பக்கத் தோணியின் எடை எதிர்த்து நிற்கும். அந்தத் தோணி நீரைவிட்டு எழும் கணத்தில்தான் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் சாயச் சாய எதிர்ப்பு குறைந்துகொண்டே போகும். அதாவது, 'இன்னும் கொஞ்சம் தாங்கும்' என்று நாம் நினைக்கிற இடத்தில் அது தாங்குவதை ஏற்கெனவே விட்டிருக்கும். இன்னொரு வகைக் கவிழ்ப்பும் உண்டு. வேகமாகப் போகும்போது காற்றுக்கு எதிர்ப்பக்கத் தோணியின் மூக்கு அலைக்குள் குத்திக்கொள்ளும். படகு நின்றுவிடும், பின்பக்கம் தூக்கிக்கொண்டு குட்டிக்கரணம் அடிக்கும்.

கவிழ்ந்த பிறகு வருவதுதான் முக்கியம். அடியில் கனத்த உலோக எடை தொங்கும் ஒற்றை உடல் படகுகள் புரண்டாலும் அந்த எடை அவற்றைத் திரும்ப நிமிர்த்திவிடும். 2018 செப்டம்பரில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில், தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். அவருடைய 'துரியா' முழுச் சுற்றுப் புரண்டது. பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகில் பலத்த அடி. ஆனால் படகு நிமிர்ந்துதான் நின்றது. அதற்குள்ளேயே படுத்திருந்தவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. இரட்டைப் படகுக்கு அந்த அடி எடை கிடையாது. நேராக இருக்கும்போது எவ்வளவு பிடிவாதமாக நேராக நிற்குமோ, தலைகீழானால் அதே பிடிவாதத்தோடு தலைகீழாக நிற்கும்.

நம் மீனவர்களின் கட்டுமரத்தில் இந்தத் தொல்லை இல்லை. அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. நீர் உள்ளே புகுந்து நிரம்ப அதில் குழியே இல்லை. அலை தூக்கிப் போட்டாலும் மூழ்காது. தாழ்வாக, எட்டிப் பிடித்து ஏறுகிற உயரத்தில் கிடக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். வேகமும் வசதியும் குறைவு. ஆனால் கவிழ்வதையும் கணக்கில் வைத்துச் செய்த கலம் அது. நம் கரையிலேயே தங்கிவிட்ட குணம் என்று நான் சொன்னது இதைத்தான். புதிய கேட்டமரானில் அந்தக் கணக்கை ஓட்டுகிறவர்தான் போட வேண்டும்.

அறுபது கிலோவும் நெம்புகோலும்

காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம். எல்லாம் உத்தேசக் கணக்கு. ஆனால் விஷயம் விளங்க அது போதும்.

படகு பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறது. ஒரு தோணி நீரில், இன்னொன்று அதற்கு நேர் மேலே ஆகாயத்தில். பாய்மரம் நீர்மட்டத்தில் படுத்திருக்கிறது. பாய்மரமும் பாயும் சேர்ந்து 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையின் மையம் தோணியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. 25-ஐ 4-ஆல் பெருக்கினால் 100. இந்த 100-ஐத்தான் நாம் வெல்ல வேண்டும்.

நாம் எங்கே நிற்கிறோம்? நீரில் கிடக்கும் தோணியின் மேல், பாய்மரத்துக்கு எதிர்ப்பக்கம். மேல் தோணியின் மீது எறிந்து எடுத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்கிறோம். உடம்பின் எடை மையம் தோணியிலிருந்து 1 மீட்டர் வெளியே போகிறது என்றால், 60 கிலோ ஆளுக்கு 60 பெருக்கல் 1. கிடைப்பது 60. நூறுக்கு அறுபது. படகு அசையும், எழாது. ஈரப் பாயின் மேல் தேங்கும் நீரை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஹோபி 16-ஐ நிமிர்த்த மொத்தம் 130 கிலோவுக்குக் குறையாத எடை இருப்பது நல்லது என்று அதை ஓட்டுகிறவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டு பேர் என்றால் சரி. தனி ஆள் என்றால் மீதிக்கு வேறு வழி தேட வேண்டும். கை பலம் இங்கே உதவாது என்பதைக் கவனியுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் எவ்வளவு தூக்கினாலும் அந்தக் கயிற்றில் தொங்கப்போவது உங்கள் எடை மட்டும்தான்.

குறைகிற நாற்பதுக்கு மூன்று உதவிகள் உண்டு.

ஒன்று, நீர்ப்பை. நிமிர்த்தும் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் பெரிய பை. தண்ணீருக்குள் அதற்கு எடையே தெரியாது. நிரப்பி நீருக்கு மேலே தூக்கினால் 40 லிட்டருக்கு 40 கிலோ. தோளுக்குப் பின்னால், நம்மைவிடக் கொஞ்சம் வெளியே தொங்குவதால் அதன் பலன் இன்னும் கூடும். எடையைக் கரையிலிருந்து சுமந்து போக வேண்டியதில்லை. கடலே கடன் கொடுக்கும்.

இரண்டு, நிமிர்த்தும் கம்பு. படகின் அடியில் பொருத்திவைத்து, தேவைப்படும்போது வெளியே நீட்டிக்கொள்ளும் நீண்ட குழாய். எடை அதேதான், ஆனால் அது தொங்கும் தூரம் கூடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்க முடிந்தால் அறுபது தொண்ணூறாகும்.

மூன்று, காற்று. படகைக் கவிழ்த்த அதே காற்று, பாயின் அடியில் கொஞ்சம் புகுந்துவிட்டால் நமக்காகத் தூக்கும். தனியாக நிமிர்த்தும் கலையில் பாதி, இந்தக் காற்றை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்பதுதான்.

முதல் முப்பது பாகைதான் கடினம். பாய்மரம் அந்த அளவு எழுந்துவிட்டால் ஆகாயத்தில் நிற்கும் மேல் தோணி நம் பக்கம் சாய ஆரம்பிக்கும். பிறகு அதன் எடையே மீதி வேலையைச் செய்துவிடும்.

நீரில் விழுந்த பிறகு

கணக்கு போட்டபின், பொறுப்பான ஒரு பயிற்றுநரை அழைத்துக்கொண்டு, மீட்புப் படகு பக்கத்தில் நிற்க, போர்ட்டிக்சனில் ஒரு சனிக்கிழமை படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தோம். பாய்மர உச்சியில் ஒரு மிதவை கட்டியிருந்தோம். நான் மீட்புப் படகில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததையும் பயிற்றுநர் சொன்னதையும் வரிசையாகத் தருகிறேன்.

முதல் வேலை, படகை விடாமல் இருப்பது. கவிழ்ந்த படகின் விரிப்பு காற்றுக்கு எதிரே சுவர்போல நிற்கும். அது பாயாக மாறி, படகை நாம் நீந்தும் வேகத்தைவிட வேகமாக இழுத்துக்கொண்டு போகலாம். இரண்டு பேர் என்றால் ஒருவராவது படகில் இருப்பார். தனி ஆளுக்குக் கை நழுவினால் படகும் போய்விடும், மிதப்பதற்கு இருந்த பெரிய பொருளும் போய்விடும். விழும்போதே ஒரு கயிறு கையில் இருக்க வேண்டும். பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். கையால் பாயை மேலே தள்ளினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஒரே திசையில் கை மாற்றி மாற்றி நகர்ந்தால் விளிம்பு வந்துவிடும்.

இரண்டாவது, பாய்க்கயிறுகளை அவற்றின் பிடியிலிருந்து விடுவிப்பது. பெரிய பாய், முன்பாய் இரண்டையும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது. விடுவிக்காவிட்டால், நிமிர்ந்த உடனே பாயில் காற்று நிறைந்து படகு திரும்பவும் கவிழும். அல்லது நம்மை நீரில் விட்டுவிட்டு அது மட்டும் பயணம் போகும்.

மூன்றாவது, படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்புவது. நீரில் கிடக்கும் தோணியின் மேல் ஏறி, முன்பக்கமாக நகர்ந்து நின்றால் மூக்கு கொஞ்சம் அமிழும். பின்பக்கம் லேசாகி, காற்று அதைத் தள்ளும். படகு தானாகச் சுழன்று மூக்கைக் காற்றுக்குக் காட்டும். பாய்மர உச்சி காற்று போகும் திசையில் கிடந்தால், எழும்பும் பாயைக் காற்று மறுபடி நீரில் அழுத்தும். உச்சி நேராகக் காற்று வரும் திசையில் கிடந்தால், எழுந்த வேகத்தில் படகு மறுபக்கம் புரண்டுவிடும். மூக்கு காற்றைப் பார்த்தால் பாய் கொடித்துணிபோலப் படபடக்கும், அடியில் மட்டும் கொஞ்சம் காற்று புகும். நமக்கு வேண்டியது அதுதான்.

நான்காவது, கயிற்றைப் பிடித்துச் சாய்வது. காலை நீட்டி, உடம்பை நேராக வைத்து, முதுகு ஏறக்குறைய நீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து, காத்திருக்க வேண்டும். வெடுக் வெடுக்கென்று இழுத்தால் களைப்புதான் மிச்சம். பாயிலிருந்து நீர் வழிய நேரம் வேண்டும். உச்சி நீரைவிட்டு ஒரு சாண் எழுந்தால் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். அடுத்த காற்று வந்து தூக்கும்.

ஐந்தாவது, படகு நிமிரும் நேரம். மேல் தோணி வேகமாகத் தலைக்கு மேல் இறங்கும். கயிற்றை விட்டுவிட்டுத் தோணிகளுக்கு நடுவே தாழ்ந்து, முன் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது இரண்டு காரியம் செய்யும். நம் எடை படகு மறுபக்கம் புரளாமல் தடுக்கும். படகு நம்மை விட்டு ஓடாமலும் தடுக்கும்.

மருமகனின் முதல் மூன்று முயற்சியிலும் காகிதக் கணக்கு அப்படியே நடந்தது. உச்சி எழுந்தது, நின்றது, விழுந்தது. நான்காவது முறை மூக்கைக் காற்றுக்குத் திருப்பினான். இன்னும் கொஞ்சம் எழுந்தது. அன்று காற்று மெல்லியது, போதவில்லை. ஐந்தாவது முறை நீர்ப்பையை மாட்டினான். உச்சி எழுந்து, தயங்கி, பிறகு படகு 'தொப்'பென்று நிமிர்ந்தது. நீரிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தான். ஆனால் படகில் ஏறியதும் பத்து நிமிடம் விரிப்பில் மல்லாந்து கிடந்தான். பகல் வெயில், வெதுவெதுப்பான நீர், மீட்புப் படகில் நாங்கள். இவ்வளவு இருந்தும் ஐந்து முயற்சியில் உடம்பு ஓய்ந்துவிட்டது. பயிற்றுநர் அப்போது சொன்னதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்: மூன்று முறை முயன்றும் எழாவிட்டால் நிறுத்து. தோணி மேல் ஏறி உட்கார், மூச்சு வாங்கு, உதவிக்கு அழை. மிச்சமிருக்கும் பலம் படகைப் பிடித்திருக்கத் தேவைப்படும்.

ஆமையும் சேறும்

படகு பக்கவாட்டில் நிற்காமல் முழுத் தலைகீழானால் அதை 'ஆமை' என்பார்கள். பாய்மரம் நேராகக் கீழே தொங்கும். ஒரு தோணியின் பின்முனையில் நின்று அதை அமிழ்த்தி, எதிர்த் தோணியின் மேலாகக் கொண்டுவந்த கயிற்றை இழுத்து, முதலில் பக்கவாட்டு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தனி ஆளுக்கு இது மிகக் கடினம். அதனால்தான் உச்சியில் மிதவை. பார்க்க அழகாக இருக்காது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். தனியாகப் போகிறவர் கழற்றவே கூடாத பொருள் அது.

மருமகனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. படகை இங்கே கொண்டுவந்து, ஜெராம் பக்கம் ரெமிஸ் கடற்கரையிலிருந்து ஓட்ட வேண்டும் என்று. நம் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் தெரியும். சாசாரானில் 'வானக் கண்ணாடி' பார்க்கப் போனவர்கள், நீர் வற்றினால் கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குத் தரை தெரியும் என்று பார்த்திருப்பீர்கள். கோல சிலாங்கூர்க் கரை முழுக்கச் சேற்றுத் திட்டு. ஆழமில்லாத இடத்தில் படகு ஆமையானால் 8 மீட்டர் பாய்மரம் சேற்றில் குத்திக்கொள்ளும். அந்த நிலையில் கயிற்றில் தொங்கினால் பாய்மரம் வளையும் அல்லது முறியும். படகைப் பாய்மரம் குத்திய திசைக்கு எதிராக, அது வந்த வழியிலேயே விலக்கி முதலில் உருவ வேண்டும். தனி ஆளுக்கு, நீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், அது நடக்கிற காரியமல்ல. இழுக்க இன்னொரு படகு வேண்டும்.

அதோடு 'சுமத்ரா' இருக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டிக்கொண்டு விடியலிலும் காலையிலும் நம் மேற்குக் கரையைத் தாக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். காலையில் கடல் அமைதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்புகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மெட் மலேசியாவின் எச்சரிக்கையைக் கிளம்பும் முன் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மேற்கு வானத்தில் கரும்பட்டை தெரிந்தால் பாயை இறக்கிக் கரை சேர்வது அடுத்த வேலை.

படகோடு இரு

நிமிர்த்தவே முடியாவிட்டால்? கரை கண்ணுக்குத் தெரிகிறதே, நீந்திப் போய்விடலாம் என்றுதான் மனம் சொல்லும். நீர்மட்டத்தில் இருக்கும் கண்ணுக்கு எதுவும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஓதம் வற்றும்போது நீரோட்டம் நம்மை எதிர்த்திசையில் இழுக்கும். கடலில் ஒரு தலை, தேங்காய் அளவுதான். தேடி வருகிறவர்கள் கண்ணில் படாது. ஐந்து மீட்டர் படகும் வண்ணப் பாயும் படும்.

நியூசிலாந்தில் 1989 ஜூனில் 'ரோஸ் நோயல்' என்ற மூன்று உடல் படகு பேரலையில் தலைகீழானது. உள்ளே நான்கு பேர். படகு நிமிரவில்லை, ஆனால் மூழ்கவும் இல்லை. கவிழ்ந்த படகை விடாமல் அதிலேயே இருந்து, மழைநீரைப் பிடித்து, மீன் பிடித்துத் தின்று, 119 நாள் மிதந்தார்கள். கடைசியில் கிரேட் பேரியர் தீவின் கரையில் நால்வரும் உயிரோடு ஒதுங்கினார்கள். மிதக்கிற எதையும் விட்டுப் போகாதே என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அதனால் தனியாகப் போகிறவரின் சாமான்கள் படகில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். நுரை வைத்த லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், கயிறு அறுக்கச் சிறு கத்தி, நீர் புகாத உறையில் கைப்பேசி, முடிந்தால் கையடக்க வானொலிக் கருவி. அதில் ஆபத்து அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை. கைப்பேசியைப் படகின் பையில் வைத்தால், படகு கை நழுவும் நாளில் அதுவும் கூடவே போகும்.

வீட்டில் முடிவானது

மருமகன் இப்போது என்ன செய்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். ஹோபி 16-ஐ இரண்டு பேராகத்தான் ஓட்டுகிறான். நீர்ப்பை அதில் நிரந்தரமாக இருக்கிறது. தனியாகப் போவதற்கு ஒருவருக்கென்றே செய்த, எடை குறைந்த ஹோபி 14 ஒன்றை இரவல் வாங்கிப் பழகுகிறான். அதை மூன்று தடவை தனியாகக் கவிழ்த்து, மூன்று தடவையும் தனியாக நிமிர்த்தினான். அதன் பிறகுதான் மீட்புப் படகு இல்லாமல் போனான். அதுவும் போர்ட்டிக்சனில், கரைக்குப் பக்கத்தில், மற்ற படகுகள் ஓடுகிற நேரத்தில். ஜெராம் ஆசையை ஒத்திவைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். படகாக இருக்க வேண்டும் என்றில்லை. கயாக்காக இருக்கலாம், துடுப்புப் பலகையாக இருக்கலாம். இப்போது இளைஞர்கள் கையில் காசும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. "போகாதே" என்று சொன்னால் சொல்லாமல் போவார்கள். அதற்குப் பதிலாக, கவிழ்த்துக் காட்டு, நிமிர்த்திக் காட்டு என்று கேளுங்கள். பாதுகாப்பான இடத்தில், ஆள் பக்கத்தில் இருக்க, தனியாகச் செய்துகாட்டட்டும். முடிந்தால் போகட்டும். முடியாவிட்டால் அது அவர்களுக்கே தெரிந்துவிடும். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்கும் ஒரு வேலை கொடுத்தோம். மகன் கடலுக்குக் கிளம்பும் நாளில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டுகிறார். எங்கிருந்து கிளம்புகிறான், எந்தப் பக்கம் போகிறான், பாயின் நிறம் என்ன, எத்தனை மணிக்குக் கரை ஏறுவான் என்று அதில் இருக்கும். சொன்ன நேரத்துக்கு மேல் முப்பது நிமிடம். அதற்குள் போன் வராவிட்டால் அவர் யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது. நேராக 999-ஐ அழைக்க வேண்டும். சென்ற ஞாயிறு போன் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. ஆனாலும் அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாராம்.